மின்சாரம் போனாலும் எழும்பும் கணினி: பூட்டி வைத்த லினக்ஸ் பற்றி ஒரு விளக்கம்

நுவரெலியா மாவட்டத்தில், அக்கரப்பத்தனையைத் தாண்டி, ஹோர்ட்டன் சமவெளிக்குக் கீழே இருக்கிறது டயகம. மழைக்காலத்தில் ஒரு மரக்கிளை கம்பியில் விழுந்தால் போதும், லயங்கள் இருட்டாகிவிடும். 2022 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நடந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் முழு இலங்கையும் இருளில் மூழ்கியது. மின்சாரம் சொல்லிவிட்டுப் போவதில்லை என்பது நம் எல்லோருக்கும் தெரிந்ததே.

இப்படியான ஒரு தோட்டத்தில், பாடசாலையிலோ வாசிகசாலையிலோ ஒரு பழைய கணினி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிள்ளைகள் பாடம் படிக்கிறார்கள். பெரியவர்களுக்கு யாராவது விண்ணப்பமும் கடிதமும் தட்டச்சு செய்து கொடுக்கிறார்கள். ஒரு நாள் வேலையின் நடுவே மின்சாரம் போகிறது. மறுநாள் கணினி எழும்பவில்லை. கறுப்புத் திரையில் ஏதோ வெள்ளை எழுத்துகள் மட்டும் தெரிகின்றன.

அதைத் தூக்கிக்கொண்டு தலவாக்கலைக்கோ ஹட்டனுக்கோ போக வேண்டும். பஸ் காசு, திருத்துகூலி, கொண்டுபோகிறவரின் ஒரு நாள் சம்பளம் என்று செலவு வந்துவிடும். கடைக்காரர் பெரும்பாலும் செய்வது, எல்லாவற்றையும் அழித்துவிட்டு இயங்குதளத்தைப் புதிதாக நிறுவுவதுதான். கணினி திரும்பி வரும். அதற்குள் இருந்த கடிதங்களும், ஸ்கான் செய்து வைத்த பிறப்புச் சான்றிதழ்களும் வராது.

இதைப் பெருமளவு தவிர்க்க ஒரு வழி இருக்கிறது. பணம் கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருள் எதுவும் அதற்குத் தேவையில்லை. லினக்ஸ் இயங்குதளத்தை ஒரு தனிப் பகுதியில் வைத்து, அந்தப் பகுதியை எழுத முடியாதபடி பூட்டிவிடுவதுதான் அந்த வழி.

கணினி ஏன் பழுதாகிறது?

நாம் ஒரு கோப்பைச் சேமிக்கும்போது அது உடனே வன்தட்டுக்குப் போய்விடுவதில்லை. வேகத்துக்காகக் கணினி அதைச் சில வினாடிகள் தற்காலிக நினைவகத்தில் வைத்திருந்து, பிறகு மொத்தமாக எழுதும். நாம் ஒன்றும் செய்யாமல் சும்மா இருந்தாலும் கணினி எழுதிக்கொண்டேதான் இருக்கும். பதிவேடுகள், புதுப்பித்தல்கள், தற்காலிகக் கோப்புகள் என்று ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். எழுதும் நேரத்தில் மின்சாரம் நின்றால் அந்த இடம் அரைகுறையாகிவிடும்.

லினக்ஸின் வழமையான கோப்பு முறைமையில் இதற்கு ஒரு பாதுகாப்பு உண்டு. செய்யப்போகும் மாற்றத்தை முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதிவிட்டு, அதன் பிறகே மாற்றத்தைச் செய்யும். வன்தட்டின் ஒழுங்கை இது பெரும்பாலும் காப்பாற்றும். ஆனால் கோப்பின் உள்ளடக்கத்துக்கு எப்போதும் உத்தரவாதம் தராது. மெமரி கார்டில் இயங்கும் றாஸ்பெரி பை போன்ற சிறு கணினிகளில் நிலைமை இன்னும் மோசம். அந்த அட்டைகள் பெரிய பெரிய துண்டுகளாகவே அழித்து எழுதுவதால், எழுத்து நடுவில் நின்றால் சம்பந்தமே இல்லாத பக்கத்துக் கோப்பும் கெடலாம்.

ஆகவே விடை எளிது. எழுதாத இடம் எழுத்தின் நடுவே கெடுவது அரிது.

வீடும் பையும்

இடம்பெயர்ந்து ஓடியவர்களுக்கு இதை விளக்க அதிகம் சொல்லத் தேவையில்லை. வீட்டை விட்டோம், மாட்டை விட்டோம், உடுப்பை விட்டோம். அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் காணி உறுதியும் இருந்த பையை மட்டும் விடவில்லை. வீட்டைத் திரும்பக் கட்டலாம். அந்தப் பையில் இருந்ததைத் திரும்ப எடுக்க எத்தனை கந்தோர் ஏற வேண்டும் என்பது பட்டவர்களுக்குத் தெரியும்.

கணினியிலும் இதே இரண்டு இருக்கின்றன. இயங்குதளம்தான் வீடு. அதை இணையத்திலிருந்தோ பென்டிரைவிலிருந்தோ எத்தனை தடவையும் திரும்ப நிறுவலாம். நமது கோப்புகள்தான் பை. வழமையான கணினிகளில் வீடும் பையும் ஒரே பகுதியில் கலந்து கிடக்கின்றன. அதனால் வீடு இடிந்தால் பையும் அகப்பட்டுக்கொள்கிறது. இரண்டையும் பிரித்து வைப்பது முதல் வேலை. வீட்டை யாரும் தொடாதபடி பூட்டுவது இரண்டாவது வேலை.

லினக்ஸ் எப்படி எழும்புகிறது?

மின்பொத்தானை அழுத்தியதும் தாய்ப்பலகையில் உள்ள சிறு நிரல் விழித்து, 'கிரப்' எனும் தொடக்க நிரலைத் தேடும். கிரப், லினக்ஸின் கருவையும் அதனுடன் ஒரு சிறு தற்காலிகத் தொகுப்பையும் நினைவகத்தில் ஏற்றும். அந்தத் தொகுப்பு வன்தட்டைக் கண்டுபிடித்து, முதன்மைப் பகுதியை இணைத்து, மீதி வேலையை இயங்குதளத்திடம் ஒப்படைக்கும்.

பலர் கவனிக்காத ஒரு விடயம் இங்கே இருக்கிறது. பெரும்பாலான லினக்ஸ் வகைகள் முதன்மைப் பகுதியை முதலில் 'வாசிக்க மட்டும்' என்ற நிலையில்தான் இணைக்கின்றன. பழுது இருக்கிறதா என்று சோதித்த பிறகே, 'எழுதவும் செய்யலாம்' என்று மாற்றுகின்றன. நாம் செய்யப்போவது அந்தக் கடைசி மாற்றத்தை நிறுத்துவது மட்டுமே. பெரும்பாலான லினக்ஸ் வகைகள் எழும்பும்போது சில வினாடிகள் இருக்கும் நிலையில் அதை நாள் முழுக்க இருக்க வைக்கிறோம்.

இது புதிய யோசனையல்ல. லினக்ஸ் அடைவுகளின் ஒழுங்கு 1994இல் முதன்முறை வரையறுக்கப்பட்ட காலத்திலிருந்தே, 'யூஎஸ்ஆர்' எனும் அடைவு எழுதத் தேவையில்லாததாகவும், பல கணினிகள் பகிர்ந்துகொள்ளக் கூடியதாகவும் இருக்க வேண்டும் என்ற எண்ணம் இருந்தது. ஆனால் அவசியமான சில நிரல்கள் அதற்கு வெளியே சிதறிக் கிடந்தன. 2012இல் பெடோரா 17 பதிப்பு அவற்றை யூஎஸ்ஆருக்குள் கொண்டுவந்தது. ஏனைய வகைகளும் பின்னர் அதே வழியில் சென்றன. இப்போது இயங்குதளத்தின் நிரல்கள் ஏறத்தாழ முழுவதும் ஒரே அடைவில் இருக்கின்றன. யூஎஸ்ஆரைத் தனிப் பகுதியில் வைப்பதானால் ஒரு நிபந்தனை உண்டு. தொடக்கத்தில் ஏறும் அந்தத் தற்காலிகத் தொகுப்பே அதையும் இணைத்துவிட வேண்டும். இல்லையென்றால் இயங்குதளம் எழும்பும் நேரத்தில் அதன் நிரல்களே அதற்குக் கிடைக்காது.

உங்கள் கையில் ஏற்கனவே இருப்பது

இது நமக்குப் பழக்கமில்லாத ஒன்று என்று நினைக்க வேண்டாம். அன்ட்ரொய்ட் கைத்தொலைபேசிக்குள் இருப்பதும் லினக்ஸ் கருதான். அதில் இயங்குதளம் ஒரு பூட்டிய பகுதியில் இருக்கிறது. நமது படங்களும் செய்திகளும் வேறொரு பகுதியில் இருக்கின்றன. பற்றரி நடுவில் செத்தாலும், மீண்டும் சார்ஜ் ஏற்றியதும் தொலைபேசி எழும்புவதற்கு இந்தப் பிரிப்பும் ஒரு காரணம்.

2016இல் வந்த அன்ட்ரொய்ட் 7 இன்னொரு படி மேலே போனது. அதிலிருந்து சில தொலைபேசிகளில் இயங்குதளப் பகுதி இரண்டாக இருக்கிறது. ஒன்று ஓடும்போது, புதிய பதிப்பு மற்றதில் எழுதப்படும். புதியது எழும்பாவிட்டால் தொலைபேசி பழையதற்கே திரும்பிவிடும்.

செய்வது எப்படி?

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய கணினிகள் பல இடங்களில் மூலையில் கிடக்கின்றன. அவற்றில் டெபியன் அல்லது உபுண்டு நிறுவலாம்.

முதலாவது, நிறுவும்போதே பகுதிகளைப் பிரியுங்கள். 250 ஜிகாபைட் வன்தட்டு என்றால், இயங்குதளத்துக்கு 30 ஜிகாபைட் போதும். மீதியைக் கோப்புகளுக்கான 'ஹோம்' பகுதியாக வையுங்கள்.

இரண்டாவது, பூட்டுவதற்கு முன் எல்லாவற்றையும் போட்டு முடியுங்கள். தமிழ் எழுத்துருக்கள், தட்டச்சு முறை, லிப்ரே ஒபிஸ், பிரின்டர், வைபை கடவுச்சொல் என எல்லாம் அப்போதே இருக்க வேண்டும். பூட்டிய பிறகு எதையும் நிலையாகச் சேர்க்க முடியாது.

மூன்றாவது, பூட்டுதல். இதற்கு இரண்டு வழிகள் உண்டு. பகுதிகளை இணைக்கும் பட்டியல் 'எஃப்எஸ்டாப்' என்ற கோப்பில் இருக்கிறது. அதில் முதன்மைப் பகுதியின் வரியில் 'வாசிக்க மட்டும்' என்று குறிப்பது ஒரு வழி. ஆனால் பல நிரல்கள் பதிவேடுகளையும் தற்காலிகக் கோப்புகளையும் எழுத இடம் தேடும். ஒவ்வொன்றுக்கும் நினைவகத்தில் தனியாக இடம் ஒதுக்கிக் கொடுக்க வேண்டும். பழகாதவர்களுக்கு இது சிரமம்.

மற்றது மேலடுக்கு முறை. 2014 டிசம்பரில் லினக்ஸ் கருவில் சேர்ந்த 'ஓவர்லே' எனும் வசதி இதற்கு உதவுகிறது. கீழே பூட்டிய இயங்குதளம், மேலே நினைவகத்தில் ஒரு மெல்லிய தாள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். நிரல்கள் எழுதுவதெல்லாம் அந்தத் தாளில்தான் விழும். கணினியை நிறுத்தியதும் தாள் மறைந்துவிடும். அடுத்த தடவை இயங்குதளம் பூட்டிய நாளில் இருந்தது போலவே எழும்பும். உபுண்டுவிலும் டெபியனிலும் 'ஓவர்லேரூட்' என்ற பொதி இதைச் செய்கிறது. றாஸ்பெரி பையில் அதன் அமைப்புப் பட்டியலிலேயே இதற்கான தெரிவு இருக்கிறது.

மிக முக்கியமான எச்சரிக்கை

ஓவர்லேரூட் வழமையாக இயங்குதளப் பகுதியோடு நிற்பதில்லை. இணைக்கப்பட்டிருக்கும் மற்றப் பகுதிகளின் மேலும் அந்தத் தாளை விரித்துவிடும். அதாவது, ஒரு பிள்ளை ஹோம் பகுதியில் சேமித்த கட்டுரையும் கணினியை நிறுத்தியதும் காணாமல் போய்விடும். இதைத் தடுக்க, அதன் அமைப்புக் கோப்பில் 'ரிக்கர்ஸ்' என்ற தெரிவின் பெறுமதியைப் பூச்சியமாக்க வேண்டும். அப்போதுதான் வீடு மட்டும் பூட்டப்படும், பை திறந்திருக்கும்.

ஆகவே பொதுப் பாவனைக்கு விடுவதற்கு முன் சோதித்துப் பாருங்கள். ஹோம் பகுதியில் ஒரு கோப்பைச் சேமித்து, கணினியை மீள இயக்குங்கள். கோப்பு அங்கே இருக்க வேண்டும். பிறகு முதன்மைப் பகுதியில் எங்காவது ஒரு கோப்பை வைத்து மீள இயக்குங்கள். அது மறைந்திருக்க வேண்டும். இரண்டும் சரியென்றால்தான் வேலை முடிந்தது.

மாதத்துக்கு ஒரு தடவை, மின்சாரம் உறுதியாக இருக்கும் நேரத்தில், பூட்டைத் திறந்து பாதுகாப்புப் புதுப்பித்தல்களைப் போட்டுவிட்டுத் திரும்பப் பூட்டுங்கள். பூட்டிய கணினிக்குப் புதுப்பித்தல் தேவையில்லை என்று நினைப்பது தவறு.

இது எதைக் காக்காது?

இயங்குதளம் பூட்டியிருந்தாலும் கோப்புப் பகுதி திறந்தே இருக்கிறது. மின்சாரம் போகும் கணத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்த கடிதம் போகலாம். வன்தட்டே செத்தால் இரண்டும் போகும். களவு, வெள்ளம், மண்சரிவு எதையும் இந்தப் பூட்டு தடுக்காது.

இரகசியத்தையும் இது காக்காது. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளின் வாக்குமூலங்களையோ காணி ஆவணங்களையோ கணினியில் வைத்திருப்பவர்கள், கோப்புப் பகுதியை மறைகுறியாக்கம் செய்தே வைக்க வேண்டும். லினக்ஸை நிறுவும்போதே அதற்கான தெரிவு இருக்கிறது. பயன்படுத்திய தடயமே கணினியில் தங்கக்கூடாது என்போருக்கு, பென்டிரைவிலிருந்து இயங்கும் 'டெய்ல்ஸ்' எனும் லினக்ஸ் வகை உண்டு. அதுவும் இதே பூட்டிய இயங்குதள முறையில்தான் இயங்குகிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக, இன்னொரு பிரதி வேண்டும். அது இன்னொரு இடத்தில் இருக்க வேண்டும். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது 97,000 வரையான நூல்கள் அழிந்தன. வேறெங்கும் பிரதியில்லாத ஓலைச்சுவடிகளை எவராலும் மீட்க முடியவில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளம் இன்று நமது நூல்களையும் பத்திரிகைகளையும் எண்ணிம வடிவில் சேர்த்து வருவதன் பெறுமதி அதனால்தான் நமக்குப் புரிகிறது.

மலையக மக்களுக்கு ஆவணம் என்பது வெறும் கடதாசியல்ல. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், தகப்பன் இலங்கையில் பிறந்ததற்குச் சான்று கேட்டது. தோட்டத்தில் பிறந்தவர்களில் பெரும்பாலானோரிடம் அப்படி ஒரு கடதாசி இருக்கவில்லை. இலட்சக்கணக்கானோர் நாடற்றவரானார்கள். அந்தக் கணக்கைத் தீர்க்க 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தமும், கடைசியாக 2003இல் ஒரு சட்டமும் தேவைப்பட்டன. 1977, 1983 வன்செயல்களில் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போனவர்கள் அங்கே யுத்தத்துக்குள்ளும் அகப்பட்டு, இரண்டாவது தடவையாகவும் எல்லாவற்றையும் இழந்தார்கள்.

அதனால், டயகமவில் ஒரு வாசிகசாலைக் கணினியைப் பூட்டுவதற்கு ஒரு பின்னேரத்தைச் செலவிடுகிறவர், அதோடு இன்னொரு வேலையையும் செய்யட்டும். கோப்புப் பகுதியை ஒரு வெளி வன்தட்டில் பிரதியெடுத்து, மலைக்கு மறுபக்கம் இருக்கும் ஒரு உறவினர் வீட்டில் கொடுத்து வைக்கட்டும். மாதம் ஒரு தடவை அதைப் புதுப்பிக்கட்டும். அடுத்த தடவை மின்சாரம் போகும்போது, கணினி எழும்புமா என்று யாரும் கவலைப்படத் தேவையிருக்காது.