ஆபீஸில் கம்ப்யூட்டர், பல்லடம் ரோட்டில் வேலை

திருப்பூரில் ஒரு டி-ஷர்ட் ஒரே கூரையின் கீழ் உருவாவது அபூர்வம். நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், பிரிண்டிங் இன்னோரிடம் என ஜாப் ஒர்க்கில் சுற்றிய பிறகே துணி தையலுக்கு வரும். இந்தியப் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் கொடுக்கும் ஊர் இது. ஆர்டருக்குப் பொறுப்பான மெர்ச்சண்டைசரும் துணியோடு சேர்ந்து சுற்ற வேண்டியிருக்கிறது.

அவர் பல்லடம் ரோட்டில் ஒரு காம்பாக்டிங் யூனிட்டில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வட்டக் கட்டரில் வெட்டிய துண்டு 1.7 கிராம் காட்டுகிறது. அதாவது 170 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 170 கிராம்). பையர் கேட்டது 180. இதை ஏற்கலாமா என்பதற்கான பதில் கடைசியாக வந்த டெக் பேக்கில் (ஆடையின் அளவும் துணி விவரமும் உள்ள ஃபைல்), ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருக்கிறது. வாட்ஸ்அப்பிலும் பென் டிரைவிலும் சுற்றும் நாலு காப்பிகளில் எது புதியது என்று யாருக்கும் நிச்சயமில்லை. பழைய அளவை நம்பி வெட்டிய துணியைத் திரும்ப ஒட்ட முடியாது.

இந்தச் சிக்கலைத் தீர்ப்பது டெஸ்க்டாப் விர்ச்சுவலைசேஷன். ஒரே சர்வருக்குள் ஹைப்பர்வைசர் என்ற மென்பொருள் பல மெய்நிகர் கம்ப்யூட்டர்களை உருவாக்கும். ஒவ்வொன்றிலும் தனி விண்டோஸ் ஓடும். கையிலுள்ள லேப்டாப்புக்கோ டேப்லெட்டுக்கோ வருவது திரையின் படம் மட்டுமே. ஃபைல்கள் சர்வரை விட்டு நகர்வதில்லை. லேப்டாப் பஸ்ஸில் தொலைந்தாலும் பையரின் டிசைன் பத்திரம்.

ஒரு மெஷினைப் பலவாகப் பிரிக்கும் இந்த உத்தியை ஐபிஎம் 1972இலேயே விஎம்/370 மூலம் விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது. மைக்ரோசாஃப்ட் 2019இல் விர்ச்சுவல் டெஸ்க்டாப்பைக் கிளவுடில் வாடகைக்குத் தந்தது. சின்ன பனியன் கம்பெனிக்கு அவ்வளவு தேவையில்லை. ஒரே விண்டோஸ் சர்வரில் பலர் லாகின் செய்யும் ரிமோட் டெஸ்க்டாப் முறையே போதும். கணக்கு மென்பொருளுக்கும் இதே போன்ற வழி உண்டு: டேலி நிறுவனம் 2022இல் டேலிபிரைமை அமேசான் கிளவுடில் தர ஆரம்பித்தது.

எல்லாவற்றுக்கும் இது கைகொடுக்காது. நெட் நின்றால் திரையும் நிற்கும். லேப் டிப்பின் (சாயமிட்ட மாதிரித் துணியின்) நிறத்தைத் திரையில் பார்த்து ஓகே செய்யக் கூடாது; அதைக் கலர் மேட்சிங் பெட்டியின் விளக்கில்தான் பார்க்க வேண்டும்.

பெரிய ஆபத்து வேறு. ரிமோட் டெஸ்க்டாப்பை இணையத்தில் அப்படியே திறந்து வைத்தால், ரான்சம்வேர் கும்பலுக்கு அதுவே வாசல். விபிஎன்னும் ஓடிபியும் கட்டாயம். வேலையை விட்டுப் போனவரின் லாகினை அன்றே மூட வேண்டும். பேக்கப்பை அதே சர்வரில் வைக்காமல் வேறிடத்தில் வைக்க வேண்டும். இத்தனையும் செய்த பிறகு, முதலில் இரண்டு மெர்ச்சண்டைசர்களுக்கு மட்டும் கொடுத்து, ஒரு ஷிப்மென்ட் முடியும்வரை ஓட்டிப் பார்ப்பது நல்லது.