பழைய ராணுவக் கத்தி வாங்குமுன் அறிய வேண்டியவை

“எங்க தாத்தா செந்தூல் ரயில் பட்டறையில வேலை பார்த்தவரு. ஜப்பான்காரன் காலத்துல ஒரு ஜெர்மன்காரன் கொடுத்த கத்தி இது.” பழம்பொருள் வாங்க விரும்புபவரிடம் இப்படியொரு கதை வந்தால் பாதி விலை அப்போதே ஏறிவிடும். கதை நடக்கவே முடியாதது என்றும் தள்ள முடியாது. 1943 முதல் பினாங்கில் ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல்களுக்கு ஒரு தளம் இருந்தது. ஆனால் கதை சான்றாகாது. கத்தியைத்தான் பார்க்க வேண்டும்.

முத்திரை என்ன சொல்கிறது?

முதல் உலகப்போர்க் கால ஜெர்மன் பயனெட்டுகளின் (துப்பாக்கிமுனைக் கத்திகளின்) கைப்பிடிக் குறுக்குத் தண்டில் “12.ஆர்.5.10” என்பதுபோல் செதுக்கியிருப்பார்கள். 12ஆம் காலாட்படை ரெஜிமெண்ட், 5ஆவது கம்பெனி, 10ஆவது ஆயுதம் என்று பொருள். அலகின் முதுகில் கிரீடமும், கீழே “டபிள்யூ”வும், அதன்கீழ் “16”உம் இருந்தால், பிரஷ்ய அரசு 1916இல் ஏற்றுக்கொண்டது என்று பொருள்.

படைக் கிடங்கிலிருந்து கொடுத்த ஆயுதத்துக்குத்தான் பிரிவு முத்திரை வழக்கம். இரண்டாம் உலகப்போர் அதிகாரிகளின் அலங்காரக் குத்துவாள்கள் பெரும்பாலும் அவரவர் பணத்தில் வாங்கியவை; அவற்றில் பிரிவு முத்திரை அரிது. ஆகவே நீர்மூழ்கிக் கப்பல் எண் பொறித்த குத்துவாள் ஒன்று கிடைத்தால் மகிழ்ச்சியைவிடச் சந்தேகம்தான் முதலில் வர வேண்டும்.

விலை எதில் இருக்கிறது?

அலகு, உறை இரண்டிலும் ஒரே எண் இருந்தால் மதிப்பு கூடும். தயாரிப்பாளர் பெயர், ஆண்டு, முத்திரை மூன்றும் ஒரே காலத்தைச் சொல்ல வேண்டும். மற்ற இடமெல்லாம் கறுத்துக் கிடக்க, எழுத்தின் பள்ளம் மட்டும் பளிச்சென்று இருந்தால் பின்னால் அடித்த முத்திரையாக இருக்கலாம். துருவை மணல்தாளால் தேய்க்காதீர்கள். எழுத்தோடு மதிப்பும் போய்விடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மலேசியச் சுங்கத்துறையின் இறக்குமதித் தடைப் பட்டியலில் குத்துவாளும், விசைக்கத்தியும் உள்ளன. இணையத்தில் வெளிநாட்டிலிருந்து வாங்கினால் பொட்டலம் பறிமுதல் ஆவதோடு வழக்கும் வரலாம். பயனெட் இதில் சேருமா என்ற ஐயம் இருந்தால், பணம் கட்டுமுன் சுங்கத்துறையிடம் எழுத்தில் கேளுங்கள்.

உள்ளூரில் வாங்கினாலும் ஆபத்து உண்டு. 1958ஆம் ஆண்டின் அரிக்கும், வெடிக்கும் பொருள்கள், தாக்கும் ஆயுதங்கள் சட்டத்தின் 6ஆம் பிரிவின்படி, சட்டப்பூர்வ அனுமதியோ சட்டப்பூர்வ நோக்கமோ இன்றிப் பொது இடத்தில் தாக்கும் ஆயுதம் வைத்திருந்தால் 5 முதல் 10 ஆண்டு வரை சிறை, பிரம்படியும் விதிக்கலாம். “சும்மா நண்பர்களுக்குக் காட்டத்தான்” என்று மோட்டாரின் கூடையில் போட்டுக்கொண்டு ஈப்போ சாலையில் போகாதீர்கள். சந்தைக்குக் கொண்டுபோகும் முன் காவல் நிலையத்தில் ஆலோசனை கேளுங்கள். வீட்டில் தோட்டாவோ கையெறி குண்டோ அகப்பட்டால் தொடாமல் 999ஐ அழையுங்கள்.

ஏமாந்தால் என்ன வழி?

போலியை அசல் என்று வியாபாரி விற்றிருந்தால் மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தை நாடலாம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைக்குப் பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை, மூன்று ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். வியாபாரி அல்லாத தனிநபரிடம் வாங்கியது இதில் அடங்காது. அதற்கு நீதிமன்றம்தான் வழி. முன்பணத்தை வங்கி வழியாக அனுப்பியபின் விற்றவர் காணாமல் போனால் உடனே மோசடிப் புகார் எண்ணான 997ஐ அழையுங்கள், பிறகு காவல் நிலையத்தில் புகார் பதியுங்கள்.

வாங்கும்போதே ரசீதில் “அசல், இன்ன ஆண்டு, இன்ன முத்திரை” என்று எழுதி வாங்குங்கள். முத்திரையை அருகில் படமெடுத்து வையுங்கள். எழுதித் தர மறுப்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.