கழற்றி மாட்டும் துப்பாக்கி

அமெரிக்கக் கடைகளில் விற்கும் இரண்டு துப்பாக்கிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஒன்று ருகர் நிறுவனத்தின் மினி-14. மரக்கட்டை, எஃகுக் குழல்; வேட்டைக்குப் போகிற ஒரு பெரியவர் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்தால் யாரும் இரண்டாம் முறை திரும்பிப் பார்க்க மாட்டார்கள். மற்றது ஏஆர்-15. கறுப்பு அலுமினியம், கறுப்பு பிளாஸ்டிக், துருத்தி நிற்கும் கைப்பிடி என்று பார்த்தாலே ராணுவச் சாயல். இரண்டிலும் போடுவது ஒரே .223 தோட்டாதான். இரண்டுமே செமி-ஆட்டோமேட்டிக்: விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டு போகும், வெற்று உறை வெளியே தெறிக்கும், அடுத்த தோட்டா தானாக ஏறி உட்கார்ந்துகொள்ளும். இரண்டுக்கும் 30 தோட்டா பிடிக்கும் மேகசின் உண்டு. ஆனால் 1994-இல் அதிபர் கிளின்டன் கையெழுத்திட்ட தடைச் சட்டம் கோல்ட் கம்பெனியின் ஏஆர்-15-ஐப் பெயர் சொல்லித் தடுத்தது. மடங்காத கட்டை வைத்த மினி-14-ஐப் பெயர் சொல்லியே விட்டுவைத்தது. அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்புதான் கனடாவின் மான்ட்ரியால் நகரப் பொறியியல் கல்லூரியில் 14 பெண்களைக் கொன்றவன் கையில் இருந்தது மினி-14. 2011-இல் நார்வேயின் உட்டோயா தீவில் இளைஞர் முகாமுக்குள் புகுந்து 69 உயிர்களைப் பறித்தவனும் அதே துப்பாக்கியோடுதான் போனான்.

ஆகவே, ஏஆர்-15 எனக்குப் பிடிக்காததற்கு அதன் நிறத்தையோ முறைப்பையோ காரணமாகச் சொன்னால் வாதம் முதல் வரியிலேயே தோற்றுவிடும். என் மனத்தாங்கல் வேறு. அது பாகம் பாகமாகக் கழன்று, பாகம் பாகமாக மாறிக்கொள்ளும் துப்பாக்கி. சட்டமும் அதைப் பாகம் பாகமாகத்தான் பார்க்கிறது. ஒரு பாகத்தைச் சட்டம் தொட்டால், அதே வேலையைச் செய்யும் வேறொரு பாகம் கடைக்கு வந்துவிடுகிறது. இந்த ஓட்டப்பந்தயத்தில் சட்டம் முப்பது ஆண்டுகளாகப் பின்தங்கியே வருகிறது.

வடிவமைப்பில் குறை சொல்ல முடியாது, அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1954-இல் ஹாலிவுட்டில் தொடங்கிய ஆர்மலைட் நிறுவனம், ஃபேர்சைல்ட் என்ற விமானக் கம்பெனியின் ஒரு பிரிவு. அங்கிருந்த யூஜின் ஸ்டோனரும் கூட்டாளிகளும் மரத்தையும் கனத்த எஃகையும் ஒதுக்கிவிட்டு, விமானத்துக்குரிய அலுமினியத்தையும் பிளாஸ்டிக்கையும் கொண்டு சுமார் மூன்று கிலோவுக்குள் ஒரு ரைஃபிளைச் செய்தார்கள். 1959-இல் கோல்ட் கம்பெனி உரிமையை வாங்கியது. ராணுவத்துக்குப் போனது எம்-16 ஆயிற்று. விசையை அழுத்திப் பிடித்தால் சரமாரியாகச் சுடும் வசதியை எடுத்துவிட்ட வடிவம் 1964 முதல் பொதுமக்கள் கைக்கு வந்தது. காப்புரிமை முடிந்ததும் யார் வேண்டுமானாலும் செய்யத் தொடங்கினார்கள். இன்று இந்த வகை ரைஃபிள்கள் அமெரிக்கர் கையில் இரண்டு கோடிக்கு மேல் இருப்பதாகத் துப்பாக்கித் தொழில்துறையே சொல்கிறது. இரண்டு ஊசிகளை விரலால் தள்ளினால் மேல்பாதி தனி, கீழ்ப்பாதி தனி. வரிசை எண் பொறித்த கீழ்க்கூடு ஒன்றுதான் சட்டத்தின் கண்ணில் துப்பாக்கி. குழல், கட்டை, விசைத்தொகுதி எல்லாம் வெறும் உதிரிபாகம். தபாலில் வீடு தேடி வரும்.

உதிரிபாகம் என்றால் துணைக்கருவிகளும் பின்னாலேயே வந்துவிடும். 1995-இல் அமெரிக்க ராணுவம் பிக்கட்டினி என்ற பல் வைத்த தண்டவாளத்துக்கு ஒரு பொது அளவு வகுத்தது. குழலைச் சுற்றி அதைப் பொருத்திவிட்டால் டார்ச், லேசர், சிவப்புப் புள்ளிக் குறிகாட்டி, முன்கைப்பிடி, இரட்டைக்கால் என்று எதையும் திருகி மாட்டலாம். கிராம் கிராமாக எடையைக் குறைத்த ஸ்டோனரின் ரைஃபிள், பீரோவில் இருந்த நகையையெல்லாம் ஒரே நாளில் பூட்டிவிட்ட மணப்பெண்ணைப் போல நிற்கிறது. இதில் ஆபத்து ஒன்றுமில்லை, ரசனைக்குறைவுதான். குழல் நுனியில் திருகும் மசில் பிரேக்கை மட்டும் அப்படி விட முடியவில்லை. வெடிவாயுவைப் பக்கவாட்டில் திருப்பி, சுடுகிறவர் தோளில் விழும் உதையைக் குறைப்பது அதன் வேலை. .223 தோட்டாவின் உதையே சொற்பம். அந்தச் சொற்பத்தைத் தவிர்க்க, பயிற்சிக்கூடத்தில் அடுத்த மேசையில் இருப்பவர் காதில் அறை விழுகிறது.

சட்டத்தை ஏய்க்கப் பிறந்த கருவிகள் தனி ரகம். கழற்றும் மேகசினோடு, மடங்கும் அல்லது நீளும் கட்டை, துருத்திய கைப்பிடி, பயனெட் மாட்டும் கொக்கி, சுடர் மறைப்பான் அல்லது அதை மாட்டும் மரை, கிரனேட் எறிகுழல் ஆகிய ஐந்தில் எவையேனும் இரண்டு இருந்தால் தடை என்றது 1994 சட்டம். (அமெரிக்கத் தெருக்களில் பயனெட் குத்து அப்படி என்ன பெருகியிருந்ததோ!) கம்பெனிகள் கொக்கியைத் தேய்த்து எடுத்தன, சுடர் மறைப்பானைக் கழற்றின, கட்டையை அசையாமல் பொருத்தின, கைப்பிடியை மட்டும் வைத்துக்கொண்டு வேறு பெயரில் விற்றன. கலிஃபோர்னியாவில் இன்னொரு கூத்து. கருவி இல்லாமல் கழற்ற முடியாத மேகசின், கழற்றும் மேகசின் ஆகாது என்றது அந்த மாநிலச் சட்டம். உடனே தோட்டாவின் நுனியால் குத்தினால் திறக்கும் பொத்தான் வந்துவிட்டது, தோட்டாதான் கருவியாம். அந்த ஓட்டையை அடைக்க 2016 வரை ஆனது.

பதினாறு அங்குலத்துக்குக் குறைவான குழல் வைத்த ரைஃபிளுக்கு 1934 முதல் பதிவு உண்டு, 2025 வரை வரியும் இருந்தது; கைத்துப்பாக்கிக்கு இரண்டும் இல்லை. 2012-இல் கை ஊனமுற்ற ஒரு முன்னாள் படைவீரருக்காக, முன்னங்கையில் வாரால் கட்டிக்கொள்ளும் பிஸ்டல் பிரேஸ் உருவானது. நல்ல நோக்கம்தான். ஆனால் அதைத் தோளில் சாய்த்துச் சுட்டால் குட்டை ரைஃபிள் ரெடி, காகிதத்தில் அது கைத்துப்பாக்கி. லட்சக்கணக்கில் விற்றது அதற்காகத்தான். அரசு 2023-இல் விதி போட்டது. 2024-இல் டெக்சஸ் கூட்டாட்சி நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பம்ப் ஸ்டாக்கின் கதை இதைவிடக் கொடியது. துப்பாக்கி பின்னுக்கு உதைக்கும்போது கட்டைக்குள்ளேயே சறுக்கி, இடது கை முன்னே தள்ளத் தள்ள, அசையாமல் இருக்கும் விரலில் விசை தானே வந்து மோதிக்கொண்டே இருக்கும். 2017 அக்டோபர் 1 இரவு லாஸ் வேகஸ் ஹோட்டல் ஜன்னலில் இருந்து, இந்தக் கருவியின் உதவியோடு, பத்து நிமிடத்தை ஒட்டிய நேரத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட குண்டுகள் இசை விழாக் கூட்டத்தின் மீது பாய்ந்தன. 60 பேர் இறந்தார்கள். டிரம்ப் அரசே பம்ப் ஸ்டாக்கைத் தடை செய்தது. 2024 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் அந்தத் தடையை நீக்கியது. ஒவ்வொரு குண்டுக்கும் விசை தனித்தனியே அசைகிறது, ஆகவே இது இயந்திரத் துப்பாக்கி அல்ல என்பது தீர்ப்பு. விசையின் உள்ளசைவைப் படம் போட்டே விளக்கியிருந்தார்கள்.

எதிர்வாதங்கள் இளப்பமானவை அல்ல. எஃப்பிஐ கணக்கில் 2019-இல் பதிவான 13,927 கொலைகளில் கைத்துப்பாக்கியால் நடந்தவை 6,368; எல்லா வகை ரைஃபிள்களும் சேர்ந்து 364. சில ஆயிரம் கொலைகளில் துப்பாக்கி எந்த வகை என்றே குறிக்கப்படவில்லை. இருந்தும் திசை தெளிவு. மொத்தச் சாவைக் குறைப்பதுதான் குறிக்கோள் என்றால் கைத்துப்பாக்கியில்தான் தொடங்க வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் 2012-இல் சாண்டி ஹூக் பள்ளியில் ஐந்து நிமிடத்துக்குள் 154 குண்டுகளும், 20 குழந்தைகள், 6 பெரியவர்கள் சாவும் என்பது இன்னொரு வகைக் கேடு. ஆண்டுக் கூட்டுத்தொகையில் அது தெரியாது. நீளும் கட்டை குள்ளமானவருக்கும் உயரமானவருக்கும் ஒரே துப்பாக்கியைப் பொருத்தித் தருகிறது, டார்ச் இருட்டில் ஆளை அடையாளம் காட்டுகிறது, சைலன்சர் காதைக் காக்கிறது என்கிறார்கள். எல்லாம் உண்மை. அதனால்தான் இவற்றைக் கணக்கெடுத்துத் தடை போடுவது வீண்வேலை என்கிறேன். டெக்சஸ் விவசாயிக்குக் காட்டுப்பன்றிக் கூட்டத்தை விரட்ட ஏஆர்-15 உதவும் என்பதும் சரி. மான் வேட்டைக்கு என்றால் மட்டும் கொலராடோ போன்ற மாநிலங்களின் சட்டப்படி .223 தோட்டா அளவில் போதாது.

மிஞ்சுவது மேகசின். ஒருவர் நிறுத்தாமல் எத்தனை குண்டு சுட முடியும் என்பதைத் தீர்மானிப்பது அதுதான். மரக்கட்டையோ கறுப்புக் கட்டையோ, அதற்கு ஒன்றே. பழகியவர் இரண்டு மூன்று விநாடியில் மாற்றிவிடுவார், பத்துத் தோட்டா வரம்பால் என்ன பயன் என்று கேட்கிறார்கள். பயிற்சிக்கூடத்து விநாடி வேறு, கூட்டத்தின் நடுவே வரும் விநாடி வேறு. 2011 ஜனவரியில் டூசான் நகரில் 33 தோட்டா மேகசின் வைத்த கைத்துப்பாக்கியால் சுட்டவனை, அது காலியாகி அடுத்ததை மாட்ட முயன்றபோதுதான் பக்கத்தில் இருந்தவர்கள் மடக்கினார்கள். 1994 சட்டத்திலும் இந்தப் பத்து வரம்பு இருந்தது. ஆனால் ஏற்கெனவே செய்து வைத்திருந்தவற்றுக்கு விலக்கு கொடுத்ததால், 2004-இல் சட்டம் காலாவதியாகும் வரை பழைய சரக்கு சந்தையில் ஓடிக்கொண்டே இருந்தது. பயன் தரவில்லை என்று இன்று காட்டுவது, அப்படி அரைகுறையாகச் செய்து பார்த்த ஒன்றைத்தான்.

பரவலாக, சட்டப்படியான காரியங்களுக்குப் பயன்படும் ஆயுதத்துக்கு அரசியல் சட்டப் பாதுகாப்பு உண்டு என்றது உச்ச நீதிமன்றத்தின் 2008 ஹெல்லர் தீர்ப்பு. முதலில் கோடிக்கணக்கில் விற்றுவிட்டால், விற்ற எண்ணிக்கையே கவசமாகிவிடுகிறது. இதைச் சுற்றிப்போக 2025 மார்ச்சில் ஒன்பதாம் மேல்முறையீட்டு நீதிமன்றம் வேறு வழி பிடித்தது. பெரிய மேகசின் ஆயுதமே அல்ல, துணைக்கருவி என்று சொல்லி, கலிஃபோர்னியாவின் பத்துத் தோட்டா வரம்பை ஏழுக்கு நான்கு என்று உறுதி செய்தது. தீர்ப்பிலிருந்து மாறுபட்ட நீதிபதி லாரன்ஸ் வான்டைக் தன் அறையில் அங்கியோடு அமர்ந்து, கைத்துப்பாக்கிகளின் பாகங்களைக் காட்டி ஒரு வீடியோவே வெளியிட்டார். மேகசின் துணைக்கருவி என்றால் கைப்பிடியும் குறிகாட்டியும் விசையும்கூடத் துணைக்கருவிதானே என்பது அவர் கேள்வி. கேள்வியில் நியாயம் இருக்கிறது; துணைக்கருவி என்ற சுவரின் மேல் கட்டிய தீர்ப்பு நெடுநாள் நிற்காது. ஆனால் அந்த நியாயத்தை அவர் நிறுத்திய இடத்தில் நிறுத்த வேண்டியதில்லை. எந்தப் பாகத்தையும் துப்பாக்கியிலிருந்து பிரித்துப் பார்க்கக் கூடாது என்றால், பம்ப் ஸ்டாக் மாட்டிய ரைஃபிளையும் முழுசாகவே பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்திருந்தால் உச்ச நீதிமன்றம் விசையின் உள்ளசைவைப் படம் போட்டிருக்காது. பத்து நிமிடத்தில் எத்தனை குண்டு போயிற்று என்று எண்ணியிருக்கும்.