ஸ்பெயினுக்குப் போகாமலே கோட்டை பார்த்தோம்!

என் அண்ணன் மகள் கல்யாணமாகி ஸ்பெயினில் இருக்கிறாள். நாலு நாள் லீவு கிடைத்தால் போதும், அவளும் மாப்பிள்ளையும் ஆளுக்கொரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிராமம் கிராமமாக நடக்கக் கிளம்பிவிடுவார்கள். போகிற இடத்திலெல்லாம் குன்றின் மேல் ஒரு பழைய கோட்டை. "அத்தை, இங்கே கஸ்தீலியா என்றே ஒரு பகுதி இருக்கு. கோட்டைங்க நிறைய இருந்ததால வந்த பேராம்" என்று படங்களோடு எழுதியிருந்தாள். லோயாரே என்ற இடத்தில் 11-ம் நூற்றாண்டுக் கோட்டை ஒன்று பாறை மேல் அப்படியே நிற்கிறது. சாந்தியாகோ கோயிலுக்கு யாத்திரிகர்கள் நூற்றுக்கணக்கான வருஷங்களாக நடந்து போகிற பாதையும் அங்கே உண்டாம். நம் பழனி பாதயாத்திரை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

ஆசையாக அந்தப் படங்களை என் மாமியாரிடம் காட்டினேன். கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு பார்த்தவர், "இதுக்கு எதுக்கு கண்ணு அவ்வளவு தூரம் போகோணும்? நம்ம சங்ககிரி மேல ஏறிப் பாரு, இதே மாதிரிதான் இருக்கும். நான் ஏறியிருக்கேன்" என்றாரே பார்க்கலாம்!

எனக்குச் சுருக்கென்றது. ஏற்காடு மலை அடிவாரத்தில் வாழ்க்கைப்பட்டு 22 வருஷம் ஆகிறது. வாசலில் நின்றால் மலை. மலைக்கு மேலே போனதெல்லாம் பஸ்ஸில்தான், அதுவும் விருந்தாளிகள் வந்தால். இருபது கொண்டை ஊசி வளைவு, வாந்தி வராமல் இருக்க எலுமிச்சம்பழம், ஏரியில் ஒரு படகு சவாரி, திரும்பி வந்து இட்லிக்கு அரைப்பது. இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த ஏற்காடு.

இன்னொரு காரணமும் உண்டு. போன வருஷம் எனக்குச் சர்க்கரை என்று டாக்டர் சொல்லிவிட்டார். தினமும் அரைமணி நேரமாவது நடக்கச் சொன்னார். மொட்டை மாடியில் செக்குமாடு மாதிரி சுற்றிச் சுற்றி எனக்கு வெறுத்தே போயிற்று. நடக்கத்தான் வேண்டுமென்றால் ஏதாவது பார்ப்பதற்காவது நடக்கலாமே!

முதலில் வீட்டுக்குப் பக்கத்திலிருக்கிற மலையிலிருந்து ஆரம்பித்தோம். கொண்டப்பநாயக்கன்பட்டிப் பக்கமிருந்து மேலே போகிற பழைய ஒற்றையடிப் பாதை இருக்கிறது. கார் ரோடு வருவதற்கு முன்னால் இப்படிப்பட்ட பாதைகளில்தான் எல்லாமே மேலே போயிற்று. வெள்ளைக்காரத் துரைமார் டோலியில் போவார்களாம். சாமான்கள் ஆள் தலையில். 1820-களில் சேலத்தில் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரைதான் மலைமேல் காப்பிச் செடியைக் கொண்டுவந்தவர். நாம் காலையில் ஆற்றிக் குடிக்கிற காப்பிக்கும் அந்தப் பாதைக்கும் சம்பந்தம் இருக்கிறது என்பது எனக்குத் தெரியவே தெரியாது. மலையிலேயே பிறந்து வளர்ந்த மலையாளி மக்களுக்கோ அது வெறும் ஊருக்குப் போகிற வழிதான்.

என் வீட்டுக்காரர், பதினோராம் வகுப்புப் படிக்கிற என் பெண், நான் மூன்று பேரும் வழி தெரிந்தவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு விடிந்ததும் கிளம்பினோம். முதல் ஒரு மணி நேரம் எனக்கு மூச்சு வாங்கியதைச் சொல்லி முடியாது. கீழே முள்ளும் புதருமாக வறண்ட காடு. ஏற ஏறக் காற்று மாறுகிறது. காப்பித் தோட்டமும், நிழலுக்கு வைத்த சில்வர் ஓக் மரங்களும், அவற்றில் ஏறிய மிளகுக் கொடியும் கண்ணில் படும்போது உடம்பில் வியர்வையே இல்லை. பஸ்ஸில் போனால் இந்த மாற்றம் தெரியவே தெரியாது. மேலே போய்ச் சூடாக ஒரு டீ குடித்துவிட்டு, இறங்குவதற்கு மட்டும் மரியாதையாக பஸ் ஏறிவிட்டோம். (இறக்கம்தான் முழங்காலுக்கு எமன் என்பதை நாற்பதைத் தாண்டியவர்கள் மறக்க வேண்டாம்!)

காட்டுப் பாதைகளில் நாமாகப் போய் நுழையக்கூடாது. வனத்துறையிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். 2024 அக்டோபரில் தமிழக அரசு 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 மலைப் பாதைகளுக்கு, வழிகாட்டியோடு போகிற மாதிரி ஏற்பாடு செய்தது. பதிவு செய்துகொண்டு போகலாம்.

இந்த வெற்றியில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்தது சங்ககிரி!

சேலத்திலிருந்து ஈரோடு போகிற வழியில், ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ரயில் ஸ்டேஷனுக்கே 'சங்கரி துர்க்கம்' என்றுதான் பெயர். மலை பார்ப்பதற்குச் சங்கு மாதிரி இருப்பதால் சங்ககிரி என்கிறார்கள். விஜயநகர ராஜாக்கள் காலத்துக் கோட்டை. பிறகு திப்பு சுல்தான் கைக்கு வந்து, அப்புறம் வெள்ளைக்காரர்களிடம் போயிற்று. அடிவாரத்திலிருந்து உச்சி வரை, ஒன்றன் மேல் ஒன்றாக மதில் கட்டியிருக்கிறார்கள். ஒரு வாசலைத் தாண்டினால் இன்னொரு வாசல். எதிரி ஒரு வாசலை உடைத்து உள்ளே வந்தாலும், மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்த ஏற்றம் ஏற வேண்டும். மேலே நிற்பவனுக்கு அவன் தலை நன்றாகத் தெரியும். கட்டியவனின் மூளையை அன்றைக்கு என் மூச்சே சொல்லிற்று.

நாங்கள் போனது புரட்டாசி சனிக்கிழமை. மலைமேல் சென்னகேசவப் பெருமாள் கோயில் இருக்கிறது. கோட்டையும் பார்த்த மாதிரி, பெருமாளையும் சேவித்த மாதிரி என்று கணக்குப் போட்டேன். சனிக்கிழமை விரதம் வேறு. தரிசனம் முடிந்துதான் சாப்பாடு என்று அரை டம்ளர் பாலோடு கிளம்பினேன். ஆனால் பழக்கதோஷத்தில் காலைச் சர்க்கரை மாத்திரையை மட்டும் மறக்காமல் போட்டுக்கொண்டேன்.

ஐந்தாவது வாசல் வரை சமாளித்துவிட்டேன். அதற்கு மேல் கை நடுங்க ஆரம்பித்தது. நெற்றியெல்லாம் ஜில்லென்று வியர்வை. பெண் ஏதோ கேட்டாள், காரணமே இல்லாமல் அவள் மேல் எரிந்து விழுந்தேன். "வெயில்தான், கொஞ்சம் தண்ணி குடி" என்றார் இவர். குடித்தேன். ஒன்றும் ஆகவில்லை. ஆறாவது வாசல் கல்லில் உட்கார்ந்தபோது எதிரே இருந்த மதில் இரண்டாகத் தெரிந்தது. கீழே இறங்கவும் முடியாது, மேலே ஏறவும் முடியாது. என் பெண்ணின் முகத்தில் அன்றைக்குப் பார்த்த பயத்தை இன்னும் மறக்க முடியவில்லை.

மேலேயிருந்து இறங்கி வந்த ஒரு வயசான அம்மாள் என்னைப் பார்த்ததும் நின்றார். "உனக்குச் சர்க்கரை இருக்குதாம்மா? காலைல என்ன சாப்பிட்டே?"

இவர் விஷயத்தைச் சொன்னார். அந்த அம்மாள் எங்கள் பூஜைக் கூடையை எட்டிப் பார்த்தார். பெருமாளுக்கு வைத்திருந்த கல்கண்டும் வாழைப்பழமும் இருந்தன. "சாமிக்கு..." என்று நான் இழுத்தேன். எனக்கே வெட்கமாக இருக்கிறது, அந்த நிலையிலும் அப்படித்தான் சொன்னேன்.

"சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது. முதல்ல வாயில போடு!"

என் பெண் கல்கண்டைக் கல்லில் நசுக்கி, பாட்டில் மூடியில் தண்ணீர் விட்டுக் கரைத்துக் கரைத்துக் கொடுத்தாள். கால்மணி நேரம் ஆகியிருக்கும். திரை விலகின மாதிரி கண் தெளிந்தது. பிறகு இரண்டு வாழைப்பழம். அதற்கப்புறம் மெல்ல இறங்கினோம். பெருமாளுக்கு ஆறாவது வாசலிலிருந்தே ஒரு கும்பிடு.

மறுநாள் டாக்டரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். சர்க்கரை மாத்திரைகளில் எல்லாம் ஒரே மாதிரி இல்லையாம். கிளிமிபிரைடு போன்றவை நாம் சாப்பிட்டோமா இல்லையா என்று பார்க்காது. பாட்டுக்குச் சர்க்கரையை இறக்கிக்கொண்டே போகும். இன்சுலினும் அப்படித்தான். பட்டினியும் மலையேற்றமும் சேர்ந்தால் கேட்க வேண்டுமா? நடுக்கம், ஜில்லென்ற வியர்வை, படபடப்பு, காரணமில்லாத கோபம் வந்தால் உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். கால்மணி நேரத்தில் சரியாகாவிட்டால் மறுபடி ஒருமுறை. பிறகு ஏதாவது சாப்பிட வேண்டும். நினைவு தப்பிவிட்டால் மட்டும் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, புரையேறிவிடும். தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். விரத நாளில் மாத்திரையை என்ன செய்வது என்று முன்கூட்டியே கேட்காதது என் தப்பு. நாமாக நிறுத்துவதும் தப்புதானாம்.

தை மாதம் மறுபடி போனோம். இந்தத் தடவை நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு, இடுப்பில் குளுக்கோஸ் பொட்டலத்தோடு. ஆறாவது வாசலைப் பார்த்ததும் அடிவயிற்றில் ஏதோ செய்தது உண்மை. தாண்டிவிட்டேன்.

உச்சியில் பெருமாள் கோயில், பாறையில் தேங்கிய தண்ணீர், இடிந்த கட்டடங்கள். கீழே பார்த்தால் சங்ககிரி லாரிகள் கொலு பொம்மை மாதிரி வரிசையாக நிற்கின்றன. மைசூருக்குப் போன கொங்கு நாட்டு வரிப்பணத்தை வழிமறித்து, 'சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவிலே ஒரு சின்னமலை பிடுங்கிக்கொண்டது என்று போய்ச் சொல்' என்றாராம் தீரன் சின்னமலை. அவரை வெள்ளைக்காரர்கள் தூக்கிலிட்டது இந்தக் கோட்டையில்தான், 1805 ஜூலை 31-ல், தம்பிகளோடு சேர்த்து. ஆடிப்பெருக்கன்று அவருக்கு அஞ்சலி செலுத்த ஊரே இங்கே திரளுகிறது. பாடப் புத்தகத்தில் படித்த பெண் அந்த இடத்தில் பேசாமல் நின்றாள். செருப்பைக் கழற்றியிருந்தாள், நான் சொல்லவில்லை.

மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிற கோட்டை அது. மதிலில் பெயர் கிறுக்கியவர்களைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை.

கைக்குழந்தைக்காரர்களுக்குச் சங்ககிரி வேண்டாம். நாமக்கல் போங்கள். ஒரே பாறை, சுமார் 200 அடி உயரம், அதன் தலையில் மகுடம் வைத்த மாதிரி கோட்டை. அரைமணிக்குள் ஏறிவிடலாம். பாறையின் இரண்டு பக்கமும் குடைவரைக் கோயில்கள்: ஒன்றில் நரசிம்மர், மற்றதில் ரங்கநாதர். எதிரே 18 அடி ஆஞ்சநேயர். வெயிலில் பாறை அடுப்புக்கல் மாதிரி சுடும். காலை எட்டுக்குள் ஏறி இறங்கிவிடுவது நல்லது.

சங்ககிரி படங்களை அண்ணன் மகளுக்கு அனுப்பினேன். "அத்தை, இது எந்த நாடு?" என்று பதில் வந்தது! மாமியாரிடம் காட்டினேன். சிரித்துவிட்டு, "ஆத்தூர்ல ஒரு கோட்டை இருக்குதே, அதுக்கு எப்ப?" என்றார்.

அது வசிஷ்ட நதிக் கரையில், சமதரையில் இருக்கிற கோட்டை. ஏற்றமே கிடையாது. தானும் வருவதாகச் சொல்லி, நழுவாத செருப்பாக ஒன்று வாங்கி வரச் சொல்லியிருக்கிறார்.