கிறிஸ்துமஸ் தாத்தா ஊரில் மழைக்காலம்



காலாண்டுத் தேர்வில் "மத்தியதரைக் கடல் பகுதியில் மழை எப்போது பெய்யும்?" என்று 2 மார்க் கேள்வி வந்தது ஞாபகம் இருக்கா? நான் "கோடையில்" என்று எழுதினேன். பெரிய முட்டை! "சும்மா மனப்பாடம் பண்ணினா இப்படித்தான். ஏதாவது ஒரு இடத்தை எடுத்து ஒழுங்கா படிச்சுப் பாரு"ன்னு சார் சொன்னார். அட்லஸில் நான் தேர்ந்தெடுத்த இடம் துருக்கியின் தெற்குக் கரையில் இருக்கும் அந்தால்யா மாகாணம்.

இந்த மாகாணத்தின் கடற்கரை மட்டும் 600 கிலோமீட்டருக்கு மேல். முன்னால் கடல், பின்னால் டாரஸ் மலைத்தொடர். சில சிகரங்கள் 3,000 மீட்டரைத் தாண்டும். கோடையில் இந்தக் கடல் பகுதிக்கு மேலே உயர் அழுத்தம் வந்து உட்கார்ந்துவிடும். காற்று கீழ்நோக்கி இறங்குவதால் மழை மேகம் உருவாக வழியில்லை. குளிர்காலத்தில் அது தெற்கே நகர்ந்துவிடும். உடனே மேற்கிலிருந்து தாழ்வழுத்தங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஈரக்காற்று மலையில் மோதி மேலே ஏறும், குளிரும், கொட்டித் தீர்க்கும். அந்தால்யா நகரத்தில் ஆண்டுக்கு 1,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. அதில் பெரும்பகுதி குளிர்காலத்தில்தான். ஜூலையில் சராசரியாக 10 மில்லிமீட்டர்கூட இல்லை! மலைக்கு அந்தப் பக்கம் உள்ள கோன்யா நகரத்துக்குக் கிடைப்பதோ இதில் மூன்றில் ஒரு பங்குதான்.

இந்த மழைநீர் சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கி ஊற்றாக வெளியே வருகிறது. தூதென் ஆறு பாதி வழியில் பூமிக்குள் மறைந்து, பிறகு மறுபடி தலைகாட்டி, கடைசியில் சுமார் 40 மீட்டர் உயரப் பாறையிலிருந்து நேராகக் கடலில் விழுகிறது. படத்தைப் பார்த்துவிட்டு நான் வரைய முயன்றேன். அருவி மாதிரி வரவில்லை, அதனால் ஒட்டவில்லை.

வரலாறு நிறைய இருக்கு. கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் அத்தாலஸ் என்ற அரசர் கட்டிய ஊர் அத்தாலியா. அதுதான் அந்தால்யா ஆனது. கி.பி. 130-இல் ரோமப் பேரரசர் ஹாட்ரியன் வந்ததற்காகக் கட்டிய வாயில் இன்னும் நிற்கிறது. 1207-இல் செல்ஜூக் துருக்கியர் நகரத்தைப் பிடித்தார்கள். பக்கத்தில் உள்ள அஸ்பெந்தோஸில் ரோமர் காலத்து அரங்கம் பெரிதாகச் சிதையாமல் நிற்கிறது. நம் காலத்திலும் அதில் இசை நாடகங்கள் நடந்திருக்கின்றன.

எனக்கு ரொம்பப் பிடித்தது மைரா. கிறிஸ்துமஸ் தாத்தா கதைக்கு மூலமான புனித நிக்கோலஸ் 4-ஆம் நூற்றாண்டில் இங்கேதான் ஆயராக இருந்தார். பிறந்ததும் இதே மாகாணத்தில், பதாரா என்ற ஊரில் என்று சொல்றாங்க. மான் வண்டி, பனி எல்லாம் பிற்காலத்தில் சேர்த்தது. அவர் ஊரில் டிசம்பர் என்றால் மழை! மழையில் பெருகிய ஆறு கொண்டுவந்த வண்டல், மைரா நகரத்தையே நூற்றாண்டுக் கணக்கில் மூடிவிட்டது. அவர் பெயரில் உள்ள தேவாலயம் இன்று தெருமட்டத்துக்குக் கீழே, பள்ளத்தில் இருக்கிறது. அதே வண்டல் மண்ணில்தான் இப்போது பசுமைக்குடில் போட்டுத் தக்காளி பயிரிடுகிறார்கள். ஊரின் இப்போதைய பெயர் தெம்ரே.

இனி சுற்றுலா. மழையில்லாத கோடை என்றால் யாருக்குக் கொண்டாட்டம்? குளிர் நாட்டுக்காரர்களுக்கு! 2019-இல் மட்டும் சுமார் ஒன்றரைக் கோடி வெளிநாட்டவர் வந்தார்கள். மாகாணத்தின் மக்கள்தொகையோ சுமார் 27 லட்சம்தான். ஓட்டல், நீச்சல் குளம், தோட்டம், வயல் எல்லாவற்றுக்கும் தண்ணீர் அதிகம் தேவைப்படுவது வானம் ஒரு சொட்டும் தராத மாதங்களில். இதைப் படித்தபோதுதான் அந்த 2 மார்க் கேள்வி எவ்வளவு பெரியது என்று புரிந்தது.

காடும் அந்த மாதங்களில் காய்ந்து கிடக்கும். 2021 ஜூலை 28-இல் மனவ்காத் பகுதியில் தீப்பிடித்தது. வெயிலும் காற்றும் சேர்ந்து பல நாள் எரிந்தது. வீடுகள், ஆடுமாடுகள், மனித உயிர்களும் போயின. அங்கே அதிகம் உள்ள ஒரு வகைப் பைன் மரத்தின் காய்கள் சில, சூடு பட்டால்தான் திறக்கும். தீயில் மரம் கருகினாலும் விதை சாம்பலில் விழுந்து காத்திருக்கும். அது முளைப்பதற்கு வேண்டிய மழை எப்போது வரும்?

குளிர்காலத்தில். முழு மார்க்!