பின்திரை எத்தனை அடி?

ஸ்டூடியோ தொடங்க எண்ணும் நம்மவர் பலரும் என்னிடம் முதலில் கேட்பது, "எந்தக் காமிரா வாங்கலாம்?" என்பதே. பின்திரையைப் பற்றிக் கேட்பவர் அரிது. சுவரை அளந்து, அதற்கேற்ற திரையை மாட்டிவிடுகிறார்கள். தனியாள் படம் எடுக்கும் வரை குறை தெரியாது. கரமனையிலிருந்தோ வலியசாலையிலிருந்தோ ஒரு குடும்பம் அறுபதாம் கல்யாணம் முடிந்து பன்னிரண்டு பேராக வந்து நிற்கும்போதுதான் திரைக்கு அப்பால் சுவர் தெரியும். சுவரை நீக்க ஓரத்தை வெட்டினால், ஓரத்தில் நிற்கும் அத்தையும் போய்விடுவார். இன்று கணினியில் திரையை நீட்டலாம் என்றாலும், தலைமுடி ஓரமும் தரை நிழலும் பல வேளைகளில் ஒட்டுவேலையைக் காட்டிக்கொடுத்துவிடும்.

காமிராவின் பார்வை முன்னே போகப் போக விரிந்துகொண்டே செல்லும். ஆகவே, ஆட்கள் நிற்கும் அகலத்தைவிடப் பின்னாலிருக்கும் திரை பெரிதாக இருக்க வேண்டும். எவ்வளவு பெரிது என்பதற்கு எளிய கணக்கு உண்டு. ஆட்கள் நிற்குமிடத்தில் படத்துக்கு வேண்டிய அகலத்தை, காமிராவிலிருந்து திரை வரையுள்ள தூரத்தால் பெருக்கி, காமிராவிலிருந்து ஆட்கள் வரையுள்ள தூரத்தால் வகுக்க வேண்டும்.

பன்னிரண்டு பேரை ஆறு ஆறாக இரண்டு வரிசையில் நிறுத்துவோம். ஒருவருக்கு ஒன்றரை அடி வீதம் 9 அடி. இருபுறமும் அரையடி இடம் விட்டால் 10 அடி. காமிரா 15 அடி தூரத்தில் இருக்க, திரை ஆட்களுக்கு 3 அடி பின்னால் இருந்தால் 10 × 18 ÷ 15 = 12 அடி. கடையில் கிடைக்கும் பெரிய காகித ரோலின் வழக்கமான அகலம் 2.72 மீட்டர், அதாவது ஏறத்தாழ 9 அடிதான். அதே குடும்பத்தை நாலு நாலாக மூன்று வரிசையாக்கினால் வேண்டிய அகலம் 7 அடி, திரைக்கு 8.4 அடி. அந்த ரோலே போதும்!

திரையை ஆட்களுக்கு நெருக்கமாக வைத்தால் சிறிய திரை போதும். ஆனால் அவர்களின் நிழல் அதில் விழும். இடமிருந்தால் காமிராவைப் பின்னுக்குத் தள்ளி, நீள லென்ஸ் போடுவதே நல்லது.

உயரத்துக்கும் இதே கணக்குத்தான். நின்ற கோலத்தில் முழு உருவம் எடுக்க 9 அடி உயரமாவது வேண்டும். தரையிலும் மடிப்பு விழாமல் வளைத்து 8, 10 அடி விரிக்க வேண்டும். 10 × 20 அடித் துணி விற்பதன் காரணம் இதுதான். வாடகைக் கடையின் கூரை தாழ்வா என்பதை முன்பணம் கொடுக்குமுன் பாருங்கள்.

திருவனந்தபுரத்தில் ஜூனிலும் அக்டோபரிலுமாக இரண்டு மழைக்காலம். காகிதம் ஈரம் இழுத்து அலையலையாகிவிடும். ரோலை நிமிர்த்தி வைத்தால் நடுவில் தொய்யாது. துணியானால் அந்தத் தொல்லை குறைவு. சாலைக் கடைத்தெருவில் காடாத் துணி வாங்கித் தைப்பவர்கள், தையல் முகங்களுக்குப் பின்னால் வராதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

வாங்குமுன் சுவரில் நாலு மூலையிலும் காகித நாடா ஒட்டி, ஆட்களை நிறுத்திக் காமிரா வழியே பாருங்கள். விரலுக்கேற்ற வீக்கம் என்பார்கள். திரைக்கோ, ஓரத்தில் நிற்பவருக்கேற்ற அகலம் வேண்டும்.