டேவிட் தேடாமல் விட்ட பாறை

கல்லூரி முதல்வரின் மகனுக்குக் கல் பொறுக்குவதே பொழுதுபோக்கு. 1930களில் லீசெஸ்டர் நகரின் கிழக்கே உள்ள சுண்ணாம்புப் பாறைகளைச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருப்பான். பாறை சரியாகப் பிளந்தால் உள்ளே ஆட்டுக்கொம்பு மாதிரி சுருண்டிருக்கும் அம்மோனைட் கிடைக்கும். (இங்கே பூஜை அறையில் இருக்கும் சாளக்கிராமமும் பெரும்பாலும் அதே வகைதான்.) அந்தப் புதைபடிவங்களை வைத்து வீட்டிலேயே சின்ன மியூசியம் நடத்தினான்.

நகரின் வடமேற்கே இருக்கும் சார்ன்வுட் பாறைகளை மட்டும் அவன் தட்டிப் பார்க்கவில்லை. அவை மிகப் பழையவை, உயிரின் சுவடே இருக்காது என்றன பாடப் புத்தகங்கள். பையன் நம்பினான்.

1956ல் 15 வயது டினா நீகஸ் அதே பாறையில் பெரணி இலை போன்ற அச்சைப் பார்த்தாள். பூகோள டீச்சரிடம் ஓடினாள். அந்தப் பாறையில் புதைபடிவம் இருக்க முடியாது, ஆகவே நீ பார்த்தது புதைபடிவமே இல்லை என்று பதில் வந்தது. விஷயம் அதோடு முடிந்தது. மறு வருடம் பாறை ஏறப் போன ரோஜர் மேசன் என்ற மாணவன் கண்ணிலும் அது பட்டது. காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுத்தான். அவன் அப்பாவுக்கு நிலவியலாளர் ட்ரெவர் ஃபோர்டைத் தெரியும். டினாவுக்கு அப்படி யாரும் இல்லை. 1958ல் ஃபோர்டு வைத்த பெயர் சார்னியா மேசோனி. வயது ஏறத்தாழ 56 கோடி ஆண்டுகள். டினாதான் முதலில் பார்த்தவர் என்பதைப் பிற்பாடு மேசனே ஒப்புக்கொண்டார்.

மேசன் படித்தது விக்கஸ்டன் பள்ளியில். கல் பொறுக்கிய பையனும் அங்கேதான் படித்தான். அவன் பெயர் டேவிட் அட்டன்பரோ. 'காந்தி' படமெடுத்த ரிச்சர்டின் தம்பி. கேம்பிரிட்ஜில் இயற்கை அறிவியல் படித்தாலும் அவர் நிலவியலாளர் ஆகவில்லை. 1952ல் பி.பி.சி.யில் சேர்ந்து, சுத்தியல் பிடித்த கையால் கேமராக்காரர்களைக் காடு மலையெல்லாம் இழுத்துக்கொண்டு போனார். 1979ல் வந்த 'லைஃப் ஆன் எர்த்' தொடர் அவரை வீட்டுக்கு வீடு தெரிந்தவராக்கியது.

சார்ன்வுட் கணக்கு மட்டும் பாக்கி இருந்தது. எண்பதைத் தாண்டிய வயதில், 2010ல் ஒளிபரப்பான 'ஃபர்ஸ்ட் லைஃப்' படத்துக்காக அந்தப் பாறைகளிடம் வந்து நின்றார்.

அதற்குள் அங்கே இன்னொரு வேலையும் நடந்திருந்தது. 2007ல் ஆய்வாளர்கள் பாறை ஒன்றை டூத் பிரஷ்ஷால்கூடத் தேய்த்துச் சுத்தம் செய்து, ரப்பர் அச்சு எடுத்திருந்தார்கள். அதில் ஜெல்லி மீனின் ஆதி உறவு ஒன்று சிக்கியது. 2022ல் அதற்குப் பெயர் சூட்டினார்கள்: ஆரோராலுமினா அட்டன்பரோயி.